இழுவை வீட்டின் காயங்கள்: குறைந்த செலவில் பழுது பார்ப்பது எப்படி?



வீடு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது, அடித்தளமும் சுவரும் கூரையும் கொண்டு ஓரிடத்தில் ஊன்றி நிற்கும் கட்டடமே. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் சக்கரங்களின் மீது அமைந்த வீடுகள் பல லட்சம் உண்டு. தனக்கென எஞ்சின் இல்லாமல், முன்னே செல்லும் காராலோ சிறு லாரியாலோ இழுத்துச் செல்லப்படும் இவ்வகை வண்டியை அங்கே 'டிராவல் டிரெய்லர்' என்பர். நாம் அதனை இழுவை வீடு என்று அழைக்கலாம். படுக்கை, சமையல் மேடை, குளிர்பதனப் பெட்டி, கழிவறை ஆகிய அனைத்தும் எட்டரை அடிக்கு மிகாத அகலத்துக்குள் அடங்கிவிடும்.

கோடை விடுமுறையில் மலையையும் ஏரியையும் தேடிச் செல்லும் குடும்பங்களுக்கு இது ஓர் இன்பச் சாதனம். ஆயினும் இதனை வெறும் உல்லாசப் பொருள் என்று கருதிவிடலாகாது. ஓய்வூதியத்தைக் கொண்டு வாடகை கொடுக்க இயலாமல் இதிலேயே குடியேறிய முதியோர் அங்கே உளர். கட்டட வேலைக்கும் அறுவடைக்கும் ஊர் ஊராகச் செல்லும் தொழிலாளர் உளர். 2005-ஆம் ஆண்டு கத்ரீனா, ரீட்டா ஆகிய புயல்கள் வீடுகளை வாரிச் சென்றபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழுவை வீடுகளையும் அவை போன்ற தற்காலிக வீடுகளையுமே கொடுத்தது. 2018-இல் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகர் தீக்கிரையான பின்னும், பலர் இத்தகைய வண்டிகளிலேயே நாள்களைக் கழித்தனர். இவர்களுடைய சுவரில் விழும் ஒரு கிழிசல், விடுமுறையைக் கெடுக்கும் சிறு தொல்லை அன்று. குடியிருப்பையே பறிக்கக்கூடிய இழப்பு. அங்கே குடியேறியுள்ள நம் பிள்ளைகளில் சிலரும் இவ்வண்டிகளை வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் உண்டாகையால், இதனை அறிந்திருப்பது நமக்கும் பயனுடையதே.

இப்பொருளில் மறக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் சொட்டை இவ்வீட்டுக்குப் பகை அன்று. அதன் ஓரமாகக் கண்ணுக்குத் தெரியாமல் உட்புகும் நீரே பகை. நீரைத் தடுக்க முதலில் செலவிடுவோர் சிறு தொகையுடன் தப்புகின்றனர். அழகுக்கு முதலில் செலவிடுவோர், சில ஆண்டுகளில் அதே சுவருக்கு மறுபடியும் செலவிடுகின்றனர்.

பழுது பார்ப்பது ஏன் இத்தனை செலவாகிறது?

வாலி பையம் என்பவர் 1930-களில் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கி, 1936-இல் அலுமினியத் தகடுகளை ரிவிட் அடித்து இணைத்த 'கிளிப்பர்' என்னும் வண்டியை வெளியிட்டார். அந்நிறுவனம் ஒஹையோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டர் என்னும் சிற்றூரில் இன்றும் இயங்குகிறது. ஆயினும் இத்தொழிலின் தலைநகர் இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் என்பதே யாவரும் ஒப்பும் செய்தி. அமெரிக்காவில் உருவாகும் பொழுதுபோக்கு வண்டிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அவ்வூரைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்தே வெளிவருகின்றன. பெருந்தொற்றுக் காலமான 2021-இல் எல்லா வகையும் சேர்த்து 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டுப் புறப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும் பங்கு இழுவை வீடுகளே.

வண்டிகள் பெருகிய வேகத்தில் அவற்றைப் பழுது பார்ப்போர் பெருகவில்லை. இக்குறையைப் போக்கவே எல்க்கார்ட்டில் 2019-இல் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. இருப்பினும் கோடைக் காலத்தில் விற்பனை நிலையத்துப் பட்டறையில் வண்டியை விட்டால், வாரக் கணக்கில் காத்திருக்க நேரும். மணிக்கு 150 டாலருக்கும் மேல் கூலி கேட்கும் பட்டறைகள் உண்டு. ஆகவே ஒரு பழுதின் செலவில் பெரும்பகுதி பொருளுக்கு அன்று, வேலை நேரத்துக்கே ஆகிறது. எந்த வேலைக்கு வல்லுநர் வேண்டும், எந்த வேலையைத் தாமே செய்துகொள்ளலாம் என்று பிரித்தறிபவரே பணத்தை மிச்சப்படுத்துகின்றனர். அதற்கு முதற்படி, சுவர் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிதல்.

மூவகைச் சுவர்கள்

முதல் வகையில், மெல்லிய மரச் சட்டங்களின் மீது அலைபோன்ற வரிகளுள்ள அலுமினியத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். தகடுகள் கீழிருந்து மேலாக, ஒன்றன் விளிம்பு மற்றொன்றுடன் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளுமாறு அடுக்கப்படுகின்றன. விலை குறைந்த வண்டிகள் பெரும்பாலும் இவ்வகையே. தகடு எளிதில் நெளியும்; ஆனால் ஒரு தகடு கெட்டால் அதனை மட்டும் மாற்ற முடியும். அதுவே இவ்வகையின் பெருநன்மை.

இரண்டாம் வகையில், வழவழப்பான கண்ணாடி இழைத் தகடு, மெல்லிய பிளைவுட், நுரைப் பலகை ஆகியவை அலுமினியச் சட்டத்தோடு பசையால் ஒட்டப்பட்டு, ஒரே பலகையாக அமுக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு அழகு, எடையும் குறைவு. ஆனால் உள்ளே நீர் புகுந்தால் பசை விட்டுவிடும். அடுக்குகள் பிரிந்து, சுவர் கொப்புளம்போல உப்பும். அவ்வாறு உப்பிய பின் செம்மையாகத் திருத்துவது கடினம். முழுச் சுவரையும் மாற்றப் பல ஆயிரம் டாலர் ஆகும்.

மூன்றாம் வகை, முட்டை ஓட்டின் இரு பாதிகளைப் பொருத்தியதுபோலக் கண்ணாடி இழையால் வார்க்கப்பட்ட சிறு வண்டிகள். கனடாவின் வின்னிபெக் நகரில் 1968-இல் தோன்றிய 'போலர்' வண்டி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இவற்றில் மூட்டுகள் குறைவாகையால் ஒழுக்கும் குறைவு. படகு கட்டுவதும் இதே முறையில்தான். ஆகவே இவ்வண்டிகளின் விரிசலைப் படகு பழுது பார்ப்பவரிடம் காட்டினால் சிறப்பாகவும் சிக்கனமாகவும் முடியும்.

மேற்கூரையோ இன்று பெரும்பாலான வண்டிகளில் பிளைவுட் பலகையின் மீது ஒட்டிய ரப்பர் போன்ற விரிப்பு. காற்றுப் போக்கியும் விளக்குத் துளையும் குழாயும் அதனைத் துளைத்து நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் அடைப்புப் பசை பூசப்பட்டிருக்கும். வெயிலும் பனியும் மாறிமாறித் தாக்க, அப்பசை வெடிக்கும். பெரும்பாலான ஒழுக்குகள் தொடங்கும் இடம் இதுவே.

அடிபட்ட அன்றே செய்ய வேண்டியவை

கிளை முறிந்து விழுதல், பெட்ரோல் பங்கின் தூணில் மூலை உரசுதல், ஆலங்கட்டி மழை, ஓட்டத்தில் டயர் வெடித்து அதன் கிழிந்த வார் சக்கரக் கூட்டையும் அடிச்சுவரையும் அடித்துக் கிழித்தல் ஆகியவை வழக்கமாக நேரும் சேதங்கள். எது நேர்ந்தாலும், முதல் நாளில் மூன்று செயல்கள் உண்டு.

ஒன்று, நிழற்படம் எடுத்தல். தொலைவிலிருந்தும் அருகிலிருந்தும், உள்ளும் புறமும், நாள் தெரியுமாறு எடுக்க வேண்டும். வாடகை வண்டியாயின், வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போதே நான்கு பக்கமும் கூரையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது அறிவுடைமை. முன்பே இருந்த சொட்டைக்கு நம் முன்பணம் பிடிக்கப்படாமலிருக்க அதுவே சான்று.

இரண்டு, கிழிசலை மூடுதல். துடைத்து உலர்த்திய பின், நீர் புகாத ஒட்டு நாடாவையும் தார்ப்பாயையும் கொண்டு மூடலாம். அழகு பார்க்க வேண்டியதில்லை. இனிச் சேதம் பெருகாமல் காப்பது உரிமையாளரின் கடமை என்றே காப்பீட்டு ஒப்பந்தங்கள் கூறுகின்றன. மூடாமல் விட்டதால் மழைநீர் புகுந்ததென்றால் இழப்பீட்டைக் குறைக்க அது காரணமாகலாம். நாடா வாங்கிய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று, உள்ளே நனைந்ததை உலர்த்துதல். மெத்தையை அகற்றி, அலமாரிகளைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட வேண்டும். ஈரத்தில் பூஞ்சை தோன்ற நாள்கள் பல வேண்டா. சிறு அறையில் குழந்தைகளும் மூச்சுத்திணறல் உள்ள முதியோரும் உறங்குகின்றனர் என்பதை மறவாதீர்கள்.

நோயறிந்த பின்பே மருந்து

அடுத்து, சேதம் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்று அறிய வேண்டும். சுவரை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமிழ்ந்தால் உள்ளே மரம் இற்றுவிட்டது என்று பொருள். மரத்தின் ஈரத்தை அளக்கும் சிறு கருவி 50 டாலருக்குள் கிடைக்கிறது. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்தால் அழுகலுக்கு இடமுண்டு. கருவியின் கூர்முனைகளைச் சன்னல் மூலை, கூரை ஓரம், அலமாரியின் உட்புறம் ஆகிய மறைவிடங்களில் ஊன்றிப் பார்க்கலாம்.

ஒழுக்கு எங்கே என்று புலப்படாவிடில், சில பட்டறைகளில் ஒரு சோதனை செய்கின்றனர். விசிறியால் வண்டிக்குள் காற்றை ஊதி அழுத்தத்தைச் சற்றே கூட்டி, வெளி மூட்டுகளில் சோப்பு நீரைத் தெளிப்பர். குமிழி எழும் இடமே துளை. சைக்கிள் டியூபை நீரில் அமிழ்த்திப் பஞ்சர் கண்டுபிடிப்பதை ஒத்த முறை இது. கண்டபடி எல்லா இடத்திலும் பசையை அப்புவதைவிட, இச்சோதனைக்குச் செலவிடுவது மேல்.

ஆலங்கட்டியால் அலுமினியத்தில் விழுந்த சிறு பள்ளங்கள் நீரை உள்ளே விடுவதில்லை. அவை முகத்து வடுவைப் போன்றவை. ஆனால் அதே மழை கூரைமேல் காற்றுப் போக்கியின் பிளாஸ்டிக் மூடியை உடைத்திருக்கும். பக்கச் சுவரை மட்டும் பார்த்துக் கவலைப்பட்டு, கூரையில் ஏறிப் பாராமல் விடுவோர் பலர். முன்பு கவனிக்க வேண்டியது கூரையையே.

காப்பீட்டுக் கணக்கு

இழுத்துச் செல்லும் காரின் காப்பீடு, டிரெய்லரால் பிறருக்கு நேரும் சேதத்தைப் பொதுவாக ஏற்கும். டிரெய்லருக்கே நேர்ந்த சேதத்துக்கோ தனிக் காப்பீடு வேண்டும். ஆலங்கட்டி, மரக்கிளை, தீ, திருட்டு ஆகியவை ஒரு பிரிவிலும், மோதல் மற்றொரு பிரிவிலும் அடங்கும். நாள்பட்ட ஒழுக்கும் கவனிப்பின்மையால் வந்த அழுகலும் பெரும்பாலும் எதிலும் அடங்கா. வண்டியிலேயே நிரந்தரமாகக் குடியிருப்போர் அதனை நிறுவனத்துக்குத் தெரிவித்து, அதற்குரிய காப்பீட்டைப் பெற வேண்டும்.

ஒவ்வோர் இழப்பிலும் முதற்பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது விதி. எடுத்துக்காட்டாக, அம்முதற்பகுதி 500 டாலர், பழுதுக்கு ஆகும் செலவு 650 டாலர் என்று கொள்வோம். நிறுவனம் தருவது 150 டாலர் மட்டுமே. பின்னர் ஆண்டுக் கட்டணம் உயருமாயின் அந்த 150 டாலரும் மிஞ்சாது. அதே வேளையில் 6,000 டாலர் சேதத்துக்கு விண்ணப்பிக்கத் தயங்குவது பேதைமை.

பழைய வண்டிகளில் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பழுதுச் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கினால், நிறுவனம் அதனை முற்றிலும் அழிந்ததாகக் கணக்கிட்டு, அன்றைய மதிப்பைக் கொடுத்துவிடும். அதுவே குடியிருக்கும் வீடாயின், கையில் வரும் தொகைக்கு வேறு வீடு கிடைக்குமா என்று எண்ணிய பின்பே ஒப்பமிட வேண்டும். குறைந்த தொகையைப் பெற்றுக்கொண்டு வண்டியைத் தாமே வைத்துக்கொள்ளும் வழியும் பல நேரங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வர்.

யாரிடம் கொடுப்பது?

உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை விற்பனை நிலையத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும். மற்றவர்களுக்கு, இருப்பிடத்துக்கே வந்து வேலை செய்யும் நடமாடும் தொழிலாளர் உதவுவர். வருகைக் கட்டணம் உண்டெனினும், வண்டியை இழுத்துச் செல்லும் செலவும், அது பட்டறையில் கிடக்கும் நாள்களுக்கு வேறிடத்தில் தங்கும் செலவும் மிஞ்சும். வண்டியே வீடாக இருப்போருக்கு இது பெரும் நன்மை.

எவரிடம் சென்றாலும் இரண்டு மூன்று இடங்களில் மதிப்பீடு கேளுங்கள். அதனை எழுத்தில், பொருளுக்கு இவ்வளவு, கூலிக்கு இத்தனை மணி நேரம் என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். "தகட்டைக் கழற்றி உள்ளே மரத்தைப் பார்ப்பீர்களா, மேலேயே மூடிவிடுவீர்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் விடையே ஆளின் தரத்தைக் காட்டிவிடும். முழுத் தொகையையும் முன்னதாகவே கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

கழற்றுதல், துப்புரவு செய்தல், பழைய பசையைச் சுரண்டுதல் ஆகியவை நேரம் தின்னும் வேலைகள்; கைத்திறன் அதிகம் வேண்டாதவை. இவற்றைத் தாமே செய்துவிட்டு, பொருத்தும் வேலையை மட்டும் வல்லுநரிடம் விட்டால் கூலி வெகுவாகக் குறையும். இதற்கு உடன்படுவாரா என்று முன்னரே பேசிக்கொள்ள வேண்டும்.

பொருள்களிலும் மிச்சம் பிடிக்கலாம். எல்க்கார்ட் வட்டாரத்தில், தொழிற்சாலைகளில் மிஞ்சிய கதவு, சன்னல், தகடு முதலியவற்றைக் குறைந்த விலைக்கு விற்கும் கடைகள் உள்ளன. விபத்துக்குள்ளான வண்டிகளைப் பிரித்து விற்கும் கிடங்குகளும் நாடெங்கும் உண்டு. தகடு வாங்குவோர் அதன் வரிகளின் அகலத்தையும் வடிவத்தையும் அளந்து, கூடுமானால் ஒரு துண்டையே எடுத்துச் செல்வது நலம். வெயிலில் மங்கிய பழைய நிறத்தோடு புதுத் தகட்டின் நிறம் ஒத்துவராது. அதனைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் செலவு குறையும்.

எளிய பழுதுகளும் செய்யக் கூடாதவையும்

கீழ்மூலையில் கிழிந்த தகட்டை முழுதும் மாற்ற வசதியில்லாதோர், உள்மரத்தை உலர்த்தி, இற்ற பகுதியை வெட்டிப் புதுச் சட்டம் இணைத்து, அதன்மேல் வைர வரியிட்ட அலுமினியத் தகட்டைப் பதித்து மூடுகின்றனர். இரு மூலைகளிலும் ஒன்றுபோல் பதித்தால் அது ஒட்டுப்போட்டதாகவும் தெரியாது. தகட்டின் அடியில் என்றும் இளகியே இருக்கும் பியூட்டைல் நாடாவை வைத்து, துருவேறாத திருகாணிகளால் இறுக்க வேண்டும். சாதாரண இரும்பு ஆணி அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் அரிக்கும். குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் மாநிலங்களில் இவ்வரிப்பு இன்னும் விரைவு.

கூரை விரிப்பின் சிறு கிழிசலுக்கு அதற்கென விற்கும் ஒட்டு நாடாவும், துளைகளைச் சுற்றித் தானே பரவிச் சமமாகும் அடைப்புப் பசையும் போதும். ஒரு குழாய்ப் பசையின் விலை ஏறத்தாழ 20 டாலருக்குள்தான். ஆனால் விரிப்பு எவ்வகை என்று அறிந்து, அதற்கேற்ற பசையையே வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கோனைப் பூசாதீர்கள். அது சில காலத்தில் உரிந்துவிடும். அதன்மேல் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. பெட்ரோலியம் கலந்த துப்புரவுப் பொருள்களும் ரப்பர் விரிப்புக்கு ஆகா.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஈரத்தை உள்ளே வைத்து மேலே மூடுவது. வெளியே பட்டி பார்த்து வண்ணம் பூசிய சுவர் புதிதுபோல் பளபளக்கும். உள்ளே மரம் இற்றுக்கொண்டே இருக்கும். பழைய வண்டியை மலிவாக வாங்குவோரும் இதனை நினைவில் வைக்க வேண்டும். புதுப் பூச்சு ஓரிடத்தில் மட்டும் இருந்தால், உள்ளே கைவைத்து அழுத்திப் பார்த்த பின்பே பணத்தை எண்ணுங்கள். தரைப்பலகையும் சட்டமும் பெருமளவு இற்றுப்போன வண்டிக்கு மலிவான பழுது என்று ஒன்று இல்லை. அதனை விட்டு விலகுவதே சிக்கனம்.

ஆண்டுக்கு இருமுறை

இத்தனை செலவையும் பெரும்பாலும் தவிர்க்கும் வழி மிக எளியது. குளிர்காலத்துக்கு முன் ஒருமுறையும் அது கழிந்தபின் ஒருமுறையுமாக, ஆண்டுக்கு இருமுறையேனும் ஏணி வைத்துக் கூரையைப் பார்க்க வேண்டும். சில உற்பத்தியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கின்றனர். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள, பலகையிட்டு எடையைப் பரப்பி ஏறுவதே பாதுகாப்பு. வெடித்த பசையைக் கண்ட அன்றே பூசிவிட வேண்டும். மூலைச் சட்டங்களில் திருகாணிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பட்டை சுருங்கியிருந்தால் மாற்ற வேண்டும். அதன் விலை சொற்பம். டயர்களை, தேயாவிடினும், ஐந்தாறு ஆண்டில் மாற்றிவிட்டால், அவை வெடித்துச் சுவரைக் கிழிக்கும் இடரும் குறையும்.

நம் ஊரில் ஓட்டு வீட்டில் வாழ்ந்த பெரியோர், பருவமழைக்கு முன் கூரையேறி உடைந்த ஓட்டை மாற்றாமல் இருந்ததில்லை. அவர்கள் கையில் பணம் குறைவு. ஆனால் மழை வரும் நாளை அறிந்திருந்தார்கள். கடல் கடந்த நாட்டில், சக்கரத்தின் மேல் நிற்கும் வீட்டுக்கும் அதே முறைதான். சுவரில் ஒரு சொட்டை இருந்தால் இருக்கட்டும். அடுத்த மழைக்கு முன் கூரையின் வெடிப்பை அடைத்துவிடுங்கள். அவ்வீட்டில் உறங்குவோர் நனையாமல் உறங்குவர்.